கீழே போட்டால் ஒழுகுமா? அபாயத் திரவங்களுக்கான பிளாஸ்டிக் கேன்களை மோதிப் பார்க்கும் சோதனை

அமிலம் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் கேனை லாரியிலிருந்து இறக்கும்போது கை நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரித் தளத்திலிருந்து தரை வரை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். விழுந்து சேர அரை விநாடி கூட ஆகாது. அதற்குப் பிறகும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்குமா என்பதுதான் கேள்வி. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரே வழி, வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்ப்பது. உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள்.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் எந்த உயரத்திலிருந்து போடுவது? எந்தப் பக்கம் தரையில் பட வேண்டும்? உள்ளே என்ன, எவ்வளவு இருக்க வேண்டும்? தரை எப்படிப்பட்டது? ஒரு சொட்டு கசிந்தால் அது தோல்வியா? இவற்றுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னால், எந்தக் கேனையும் தேறவைத்துவிடலாம். பாதி நிரப்பி, வெதுவெதுப்பான அறையில், மரத் தரையில், தட்டையாக விழும்படி போட்டால் மட்டமான கேன்கூடப் பிழைத்துக்கொள்ளும். சாக்குப்போக்குக்கு இடமில்லாமல் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றையும் கட்டிப்போட்டிருப்பதே இந்தச் சோதனையின் சாரம்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன

அபாயப் பொருட்களைக் கொண்டுசெல்வது பற்றி ஐக்கிய நாடுகள் சபை ஒரு மாதிரி விதித்தொகுப்பை வெளியிடுகிறது. முதலில் வந்தது 1956இல். இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அட்டையின் நிறத்தை வைத்து இதை ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். சாலை, ரயில், கப்பல், விமானம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள் இருந்தாலும், கொள்கலன் சோதனையைப் பொறுத்தவரை எல்லாமே இந்தத் தொகுப்பைத்தான் பின்பற்றுகின்றன. அதன் 6.1ஆம் அத்தியாயம் 450 லிட்டர் வரையிலான டிரம், 60 லிட்டர் வரையிலான ஜெரிகேன் (டிரம் போல உருண்டையாக இல்லாமல் செவ்வக வடிவில் இருக்கும் கேன்), பெட்டி போன்றவற்றைப் பற்றியது. கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகளுக்கு வேறொரு அத்தியாயம் உண்டு. அதை இங்கே விட்டுவிடலாம்.

உறுதி என்றால் கடினம் இல்லை

மோதலைத் தாங்கும் பொருள் என்றதும் கெட்டியான, விறைப்பான ஒன்றைத்தான் பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி கடினமானதுதான், விழுந்தால் நொறுங்குகிறது. விழும் பொருளுக்கு வேண்டியது, மோதும்போது வரும் ஆற்றலை வளைந்தும் நசுங்கியும் உள்வாங்கிக்கொண்டு, கிழியாமல் இருக்கும் குணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 25 லிட்டர் ஜெரிகேனில் தண்ணீர் நிரப்பினால், கேனின் எடையும் சேர்ந்து சுமார் 26 கிலோ. அதை 1.2 மீட்டரிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆற்றல் சுமார் 300 ஜூல். இது முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கேயாவது போயாக வேண்டும். தரை நகராது, தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. மிச்சம் இருப்பது கேனின் சுவர் மட்டுமே. அது கேனின் அளவைப் பொறுத்து ஏதோ இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும்.

கேன் தரையில் நின்ற பிறகும் உள்ளே இருக்கும் திரவம் நிற்பதில்லை. அது வந்த வேகத்தில் கீழ்நோக்கியே போகப் பார்க்கிறது. போக வழியில்லாததால் எல்லாப் பக்கமும் சுவரைத் தள்ளுகிறது. விழுந்த கேன் ஒரு கணம் அடியில் உப்பி வயிறு பெருத்துப்போவதை மெதுவோட்டப் படத்தில் தெளிவாகப் பார்க்கலாம். உடைப்பது தரையின் அடி மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் திரவத்தின் அடியும்தான். அதனால்தான் வெற்றுக் கேனைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது ஹெச்டிபிஇ எனப்படும் அதிக அடர்த்தி பாலிஎத்திலீன். பல அமிலங்களும் காரங்களும் இதை எளிதில் அரிப்பதில்லை. அதோடு, அறை வெப்பத்தில் இதை இழுத்தால் உடனே முறியாமல் நீண்டு கொடுக்கும். வளைந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பொருள் நீண்டு ஆற்றலை வாங்கிக்கொண்டதன் அடையாளம் அது.

ஆனால் இந்தக் குணம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மூன்று விஷயங்கள் அதைக் குலைக்கும். ஒன்று குளிர். வெப்பநிலை இறங்க இறங்க மூலக்கூறுச் சங்கிலிகள் நகர நேரம் எடுத்துக்கொள்கின்றன, பொருள் விறைக்கிறது. இரண்டாவது வேகம். மெதுவாக இழுத்தால் நீளும் பிளாஸ்டிக், வெடுக்கென்று இழுத்தால் முறியலாம். மூன்றாவது, கூர்மையான மூலையோ கீறலோ. விசை அந்த ஒரு புள்ளியில் குவிந்து விரிசலைத் தொடங்கி வைக்கும். குளிர்ந்த கேன், வேகமாக, மூலை பட விழுவது என்றால் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. சோதனை தேடிப் போவதும் சரியாக இந்த இடத்தைத்தான்.

கேனின் பலவீனங்கள்

எங்கே உடையும் என்று தெரிய, கேன் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கைக் குழாய் போலத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் அச்சை மூடி, உள்ளே காற்றை ஊதுவார்கள். குழாய் உப்பி அச்சின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ப்ளோ மோல்டிங் என்பது இதுதான்.

அச்சு மூடும்போது குழாயின் அடிப்பகுதியைக் கிள்ளி ஒட்டுகிறது. கேனைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு கோடு போல இந்த ஒட்டு தெரியும். பிளாஸ்டிக் சரியான சூட்டில் இல்லாவிட்டாலோ அச்சின் விளிம்பு தேய்ந்திருந்தாலோ ஒட்டு அரைகுறையாக நிற்கும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், அடிபட்டால் ஜிப் திறப்பது போலப் பிரிந்துவிடும்.

மூலைகள் இன்னொரு தலைவலி. ஊதும்போது பிளாஸ்டிக் அதிகத் தூரம் போக வேண்டிய இடம் மூலைதான். தூரம் போகப் போக மெலிகிறது. அதனால் பக்கச்சுவர் நல்ல தடிமனாக இருக்கும் கேனிலும் கீழ் மூலை பாதிதான் இருக்கலாம். கேனின் மொத்த எடையை மட்டும் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுவே. எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது முக்கியம்.

அப்புறம் கழுத்தும் மூடியும். மூடி வேறொரு அச்சில் செய்த வேறொரு பொருள். நடுவில் கசிவை அடைக்கும் வளையமாக ஒரு கேஸ்கெட் இருக்கும். குளிரில் மூன்றும் தங்கள் போக்கில் சுருங்கும், கேஸ்கெட் விறைத்துப்போகும். உடம்பு முழுசாக இருந்தும் மூடி வழியாகவே தோற்கும் கேன்கள் உண்டு.

ஒரு சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

ஜெரிகேனுக்கும் டிரம்முக்கும் ஆறு மாதிரிகள் வேண்டும். மூன்று முதல் வகை விழலுக்கு, மற்ற மூன்று இரண்டாவது வகைக்கு. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் விழும்.

முதலில் நிரப்புதல். திரவம் என்றால் முழுக் கொள்ளளவில் 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மேலே காற்று அதிகம் இருந்தால் அது சுருங்கி அடியை மெத்தை போல வாங்கிக்கொள்ளும். அந்தச் சலுகையைத் தரக் கூடாது என்பதற்குத்தான் இந்த 98. நிஜமான அமிலத்தை ஊற்றி ஆய்வுக்கூடத்தில் போட்டு உடைக்க யாரும் ஆசைப்படுவதில்லை. அதனால் தண்ணீர்தான் வழக்கம்.

ஆனால் இந்தத் தண்ணீர் உறையக் கூடாது. ஏனென்றால் பிளாஸ்டிக் கேனையும் உள்ளே இருப்பதையும் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே குளிரவைத்துத்தான் போட வேண்டும். உறைந்துபோனால் உள்ளே இருப்பது பனிக்கட்டி, அது திரவம் போல அலைமோதி சுவரைத் தள்ளாது. அதனால் கிளைக்கால் போன்ற உறைதடுப்பானைக் கலக்கிறார்கள். கலவையின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, 0.95க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கேன் அப்படியே ஒரு பெரிய குளிர்ப்பெட்டிக்குள் போகும். 25 லிட்டர் திரவம் நடுப்பகுதி வரை குளிர ஒரு இரவு போதாமலும் போகலாம். அதனால் ஒரு மாதிரிக்குள் வெப்பமானியைச் செருகி வைத்து, காற்றின் குளிரை நம்பாமல் திரவத்தின் குளிரையே பார்ப்பது நல்ல ஆய்வுக்கூடங்களின் பழக்கம்.

மூடியை இறுக்குவதும் கைப்போக்கில் நடக்காது. எவ்வளவு முறுக்கத்தில் இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். டார்க் ரெஞ்சை வைத்து அதே அளவில் இறுக்குவார்கள். மேல்பக்கம் முழுவதும் திறக்கும் வகை டிரம் என்றால், நிரப்பி மூடிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூடிய புதிதில் கேஸ்கெட் நன்றாக அழுத்திப் பிடித்திருக்கும், நேரம் போகப் போகத் தளரும். அந்தத் தளர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும்.

தரையைப் பற்றியும் விதி பேசுகிறது. கிடைமட்டமாக, சமமாக, ஒரே துண்டாக, அசையாத அளவு கனமாக, நசுங்காத அளவு விறைப்பாக இருக்க வேண்டும். நடைமுறையில் கான்கிரீட் மேடை மேல் பதித்த தடித்த இரும்புத் தகடு.

குளிர்ப்பெட்டியிலிருந்து கேன் வெளியே வந்ததும் மேலே பனி பூக்க ஆரம்பிக்கும். மெல்லிய சுவர் அறை வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும் என்பதால் சாவகாசமாக வேலை பார்க்க முடியாது. முன்பே தயாராக வைத்திருக்கும் கொக்கியில் மாட்டி, சாய்வைச் சரிபார்த்து, கேனின் தாழ்வான புள்ளிக்கும் தகட்டுக்கும் இடையே உயரத்தை அளந்து, விசையை இழுத்தால் கொக்கி திறக்கும். தள்ளிவிடக் கூடாது, சுழற்சி சேரக் கூடாது. நேராக விழ வேண்டும்.

சாய்வு என்றேனே, அதில்தான் சூட்சுமம். முதல் வகை விழலில் கேன் குறுக்காக, அடி விளிம்போ ஓரமோ ஒட்டோ தரையில் படும்படி விழ வேண்டும். இரண்டாவது வகையில், முதலில் படாத வேறொரு பலவீனமான இடம் தரையில் பட வேண்டும். பெரும்பாலும் அது மூடியாக இருக்கும். தட்டையாக விழாத எல்லா விழல்களிலும் கேனின் ஈர்ப்பு மையம் மோதும் புள்ளிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கேன் சாய்ந்து உருண்டு, ஆற்றலில் ஒரு பங்கை உருள்வதில் செலவழித்துவிடும். ஒரே விழலைப் பல சாய்வுகளில் செய்ய முடியும் என்றால், உடைய அதிக வாய்ப்புள்ள சாய்வையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகவும் பிடித்த வரி இது. இந்த ஒரு வரி சோதிப்பவரைக் கேனின் எதிரியாக நடந்துகொள்ளச் சொல்லிவிடுகிறது.

எவ்வளவு உயரம்

அபாயத் திரவங்களை மூன்று பொதிக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். குழு ஒன்று அதிக ஆபத்து, குழு இரண்டு நடுத்தரம், குழு மூன்று குறைவு. உயரம் அதைப் பொறுத்தது. குழு ஒன்றுக்கு 1.8 மீட்டர், இரண்டுக்கு 1.2 மீட்டர், மூன்றுக்கு 0.8 மீட்டர். பெட்ரோல் இரண்டாம் குழு, டீசல் மூன்றாம் குழு.

இங்கே ஒரு சிக்கல். தண்ணீரை வைத்துச் சோதித்த கேனில் தண்ணீரைவிடக் கனமான அமிலத்தை ஊற்றினால்? ஒப்படர்த்தி 1.2 வரை இருந்தால் மேலே சொன்ன உயரமே போதும். அதைத் தாண்டினால் உயரத்தைக் கூட்ட வேண்டும். ஒப்படர்த்தியை முதல் குழுவுக்கு 1.5ஆலும், இரண்டாவதுக்கு 1.0ஆலும், மூன்றாவதுக்கு 0.67ஆலும் பெருக்கினால் கிடைப்பது மீட்டரில் உயரம், ஒரு தசம இடத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். இந்த எண்கள் வானத்திலிருந்து குதித்தவை இல்லை. 1.8ஐயும் 1.2ஐயும் 0.8ஐயும் 1.2ஆல் வகுத்துப் பாருங்கள், அவைதான் வரும். கனத்தில் குறைவதை உயரத்தில் ஈடுகட்டுகிறார்கள்.

உதாரணமாக 98 சதவீதக் கந்தக அமிலம். ஒப்படர்த்தி 1.84, இரண்டாம் குழு. தண்ணீரில் சோதித்தால் 1.84 மீட்டர், அதாவது 1.9 மீட்டரிலிருந்து போட வேண்டும். 1.2 மீட்டரில் தேறிய கேனை இதற்கு எடுத்துக்கொள்ள முடியாது. பெட்ரோல் போல இலகுவான திரவத்துக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்றால், முடியாது.

தேறியதா, தோற்றதா

விழுந்த கேன் நசுங்கியிருக்கலாம், மூலை உள்ளே போயிருக்கலாம், கைப்பிடி கோணியிருக்கலாம். அதெல்லாம் தோல்வி இல்லை. திரவம் ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். மோதிய அந்தக் கணத்தில் மூடி வழியாக லேசாகத் தெறித்து, பிறகு கசிவு நின்றுவிட்டால் அதுவும் தேறியதாகவே கணக்கு.

இதில் ஒரு நுணுக்கம் புதியவர்களை ஏமாற்றும். குளிர்ந்து அடிபட்ட கேனுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருந்தால், விரிசல் இருந்தாலும் திரவம் வெளியே வராது, உள்ளேயே நிற்கும். அதனால் உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமான பிறகுதான் கசிவைப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. திரவ மட்டத்துக்கு மேலே சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டால் காற்று உள்ளே போய்ச் சமமாகிவிடும். அதற்கப்புறம் தாளால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். மேலே பூத்த பனி உருகி வழிவதைக் கசிவு என்று நினைத்துவிடாமல் இருக்க, உள்ளே ஊற்றும் திரவத்தில் சாயம் கலப்பதும் உண்டு.

தோற்ற கேனிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உடைந்த ஓரம் வெளுத்து, இழுபட்டு, பிய்ந்த மாதிரி இருந்தால் பொருள் தன்னால் முடிந்தவரை போராடியிருக்கிறது, தடிமன்தான் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓரம் வெட்டிய மாதிரி வழவழப்பாக, வெளுப்பே இல்லாமல் இருந்தால் அது விறைத்து முறிந்தது. மறுசுழற்சித் துண்டுகள் அதிகம் சேர்ந்ததோ, பிளாஸ்டிக் அதிகச் சூட்டில் கெட்டதோ, நிறமி சரியாகக் கலக்காததோ, கூர்மையான உள்மூலையோ காரணமாக இருக்கலாம். இந்த இரண்டாவது வகைத் தோல்விக்குச் சுவரைத் தடிப்பாக்குவது மருந்தாகாது.

நேற்றைய கேனும் ஆறு மாதத்துக்குப் பிந்திய கேனும்

புதுக் கேன் தேறிவிட்டது. ஆனால் அது திரவத்தைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் கிடங்கில் நிற்கப்போகிறது. திரவம் பிளாஸ்டிக்கைச் சும்மா விடாது. நைட்ரிக் அமிலம் மூலக்கூறுச் சங்கிலிகளையே அறுக்கும். ஹைட்ரோகார்பன் கரைப்பான்கள் சுவருக்குள் ஊறி அதை உப்பவைத்து மென்மையாக்கும். சோப்பு போன்ற நனைப்பான்கள் பாலிஎத்திலீனை வேதிமுறையில் ஒன்றும் செய்வதில்லை, ஆனால் இழுவிசை இருக்கும் இடத்தில் விரிசல் வளர உதவிசெய்கின்றன. சாதுவாகத் தெரியும் திரவம் கேனைப் பிளப்பது இப்படித்தான்.

அதனால் கேனில் அந்தத் திரவத்தையே நிரப்பி, ஆறு மாதம் அறை வெப்பத்தில் வைத்திருந்து, பிறகு சோதிக்கச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தின் முதல் 24 மணி நேரமும் கடைசி 24 மணி நேரமும் கேன் தலைகீழாக, மூடி கீழே இருக்கும்படி நிற்க வேண்டும். ஆறு மாதம் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஐரோப்பியச் சாலை, ரயில் விதிகளில் ஒரு குறுக்குவழி உண்டு. அசெட்டிக் அமிலம், 55 சதவீத நைட்ரிக் அமிலம், ஒயிட் ஸ்பிரிட், நனைப்பான் கரைசல் போன்ற சில நிலையான திரவங்களை வைத்து 40 டிகிரியில் 21 நாட்கள். ஒவ்வொன்றும் ஒருவகைச் சேதத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது.

தொழிற்சாலைக்குள் நடக்கும் இன்னொரு விளையாட்டு

சான்றிதழுக்கான சோதனை தேறியதா தோற்றதா என்று மட்டும்தான் சொல்லும். 1.2 மீட்டரில் தேறிய கேன் 1.3இல் உடையுமா, 3 மீட்டர் வரை தாங்குமா என்று சொல்லாது. கேன் செய்பவருக்கு இந்த இடைவெளி தெரிந்தாக வேண்டும். அதற்குப் படிக்கட்டு முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு கேனைப் போடு, உடையவில்லையா, அடுத்த கேனை ஒரு படி மேலிருந்து போடு. உடைந்ததா, அடுத்ததை ஒரு படி கீழிருந்து போடு. இப்படியே போனால் உயரம் ஓர் எண்ணைச் சுற்றி ஏறி இறங்கும். அந்தச் சராசரிதான் பாதிக் கேன்கள் உடையும் உயரம். ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பு ஊதிச் செய்த கேன்களுக்கு வெளியிட்ட டி2463 தரநிலையில் இந்த முறை இருக்கிறது. புது மூலப்பொருள் வந்த வாரம் அந்த எண் சரிந்தால், சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தாலும் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

கேன் மேல் இருக்கும் குறி

தேறிய கேனின் உடம்பில் வட்டத்துக்குள் யுஎன் சின்னமும், பக்கத்தில் 3எச்1/ஒய்1.9/150 என்பது போல ஒரு தொடரும் புடைப்பாக இருக்கும். 3 என்றால் ஜெரிகேன், எச் என்றால் பிளாஸ்டிக், கடைசி 1 என்றால் மேல்பக்கம் கழற்ற முடியாத வகை. டிரம் என்றால் 1எச்1. அடுத்து வரும் எழுத்து பொதிக் குழுவைச் சொல்கிறது: எக்ஸ் இருந்தால் மூன்று குழுக்களுக்கும் ஆகும், ஒய் என்றால் இரண்டும் மூன்றும், இசட் என்றால் மூன்று மட்டும். 1.9 என்பது எந்த ஒப்படர்த்தி வரை ஊற்றலாம் என்பது. அந்த எண் இல்லாவிட்டால் 1.2 வரைதான். 150 என்பது உள்ளே நீரால் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் தனிச் சோதனையின் அளவு, கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில். பின்னாலேயே தயாரித்த ஆண்டும், பெரும்பாலும் கடிகார முகம் போன்ற ஒரு வட்டத்தில் மாதமும் வரும்.

அந்த ஆண்டைப் பார்த்தே ஆக வேண்டும். அபாயத் திரவங்களுக்கான பிளாஸ்டிக் டிரம்மையும் ஜெரிகேனையும் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான் பயன்படுத்தலாம். திரவத்தின் குணத்தைப் பொறுத்து இது இன்னும் குறையலாம்.

குறி சொல்லாதவையும் உண்டு. சோதனையில் ஒவ்வொரு கேனும் ஒருமுறைதான் விழுந்தது, இரண்டாவது விழலைப் பற்றி எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபோர்க்லிஃப்டின் முனை குத்துவதையோ கூரான கல் மேல் விழுவதையோ யாரும் சோதிக்கவில்லை, தரை சமதளமாகத்தான் இருந்தது. குறிப்பிட்ட மூடியோடும் குறிப்பிட்ட இறுக்கத்தோடும் தேறிய கேனுக்குக் கிடங்கில் கிடைத்த வேறு மூடியைப் போட்டால் அந்தக் குறி அதற்குப் பொருந்தாது. நிரப்பிய கேன் ஒன்று கீழே விழுந்து ஒழுகாமல் இருந்தாலும், அடிபட்ட மூலையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதை அப்படியே லாரியில் ஏற்றாமல், தகுந்த பாதுகாப்போடு உள்ளே இருப்பதை வேறு கேனுக்கு மாற்றிவிடுவதுதான் சரி.